பென்சில் கோட்டுக்குக் கீழே

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர்களின் பட்டியல், போதகர் அங்கி மாட்டுகிற வெஸ்ட்ரி அறையின் கதவில் ஒட்டியிருக்கும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்தப் பட்டியலில் மாதம் ஒரு தடவையாவது என் பெயர் வரும். மைக் வருவதற்கு முன்பே வாசித்தவள் நான். கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்ந்து உட்காரும்படி வாசிப்பேன் என்று சொல்வார்கள். அது பாராட்டா புகாரா என்று நான் கேட்டதில்லை. சமையலில் எனக்குப் பேர் கிடையாது, பாட்டு வராது, வாய் வேறு கொஞ்சம் நீளம். பெருமைப்பட்டுக்கொள்ள என்னிடம் இருந்தது அந்த வாசிப்பு ஒன்றுதான்.

அதுவும் ஒரு விளக்குமாற்று ஈர்க்கினால் போயிற்று. இடது கண் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பேருக்குத்தான். வெளிச்சம் தெரியும், எழுத்து தெரியாது. வலது கண்ணை வைத்துத்தான் பிழைப்பு. பிழைக்க வந்த மலையாள ஊரில், கரமனையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தபோது அந்த வலது கண்ணில் ஈர்க்கு குத்தியது. டாக்டரிடம் போகாமல் இரண்டு நாள் இளநீர் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கண் திறக்கவில்லை. புண் ஆறியபோது கருவிழியின் நடுவில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிட்டது. இனி இதற்கு மருந்து கிடையாது, இறந்தவர் யாராவது கொடுத்த கருவிழியை எடுத்து வைத்துத் தைக்க வேண்டும், பெயரை எழுதி வைக்கிறோம், கிடைக்கும்போது கூப்பிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி நானே போதகரிடம் சொன்னேன். அந்த மழைக்காலம் முழுக்க மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே போனேன். சபைக் கோவிலுக்கு, மருந்துக்கடைக்கு, ஒரு தடவை ஒரு அடக்கத்துக்கும். எங்கள் சபையில் பின்பெஞ்சில் உட்காரும் ஒரு பெண், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்கு நிற்கிறவள், அவளுடைய புருஷன் திடீரென்று ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவள் அழவே இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு முகம் தெரியவில்லை. நான் கையை நீட்டியபோது அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது, சொல்லவில்லை.

கண்ணுக்காக நான் ஜெபிக்காமல் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு ஊழியக்காரரைப் போதகர் வரவழைத்து வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் வைத்தார். அவர் என் கண்மேல் கை வைத்து ஜெபித்தார். நானும் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. “சேச்சி, கண்ணு கிட்டியிட்டுண்டு, இன்னு தன்னே வரணும்,” என்றாள் ஒரு பெண். கண் கிடைத்திருக்கிறது, இன்றைக்கே வரவேண்டும். சந்தோஷத்தில் எனக்குச் செருப்பு எது யாருடையது என்று தெரியாமல் மகளுடையதை மாட்டிக்கொண்டு ஓடினேன். கரமனைப் பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றபோதுதான் மனசில் உறைத்தது. இந்த ஊரில் எங்கேயோ ஒரு வீட்டில் இந்நேரம் ஒப்பாரி நடக்கிறது.

யாருடைய கண் என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

கட்டு பிரித்தவுடன் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பல வாரம் எல்லாமே கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பது போலத்தான் இருந்தது. தையல் குத்தும், வெயிலில் கண்ணீர் கொட்டும், நாளைக்கு ஆறு தடவை மகள் சொட்டுமருந்து விடுவாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நான் முதலில் வாசித்தது வேத வசனமும் இல்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில், வருகிற வண்டியின் நெற்றியில் மலையாளத்தில் ‘கிழக்கேகோட்ட’ என்று இருந்ததைச் சத்தமாக வாசித்துவிட்டேன். கண்டக்டர் என்னைத்தான் ஏறச் சொல்லி இரண்டு நிமிஷம் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார். நான் நின்ற இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். “இவருக்கு எந்தா பற்றியே?” என்று யாரோ கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை, எழுத்து தெரிகிறது, அவ்வளவுதான்.

அந்தச் சேதி சபைக்குப் போய்ச் சேர்ந்த வாரமே போதகரும் சபைச் செயலாளரும் வீட்டுக்கு வந்தார்கள். போதகருக்கு நாற்பது வயது இருக்கும். நல்லவர், நன்றாகப் பாடுவார், யாரையும் அதட்டத் தெரியாது. அதட்டுகிற வேலையைச் செயலாளர் பார்த்துக்கொள்வார். அவர் அரசாங்கத்தில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சபையையும் அலுவலகம் மாதிரியே நடத்துவார். சபையின் வருஷக் கூட்டமான கன்வென்ஷன் முடிகிற ஞாயிற்றுக்கிழமை நான் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்கள். கடவுள் செய்ததைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லுகிறேன் என்றேன். செயலாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று சாட்சியைக் கொட்டை எழுத்தில் அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

வாசித்துப் பார்த்தேன். வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்களாம். ஊழியக்காரர் கை வைத்தாராம். மூன்றாம் நாள் என் கண்ணிலிருந்து ஏதோ கழன்று விழுந்ததாம். ஆஸ்பத்திரி என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை.

“இதுல ஆப்பரேஷன் எங்க ஐயா?” என்று போதகரிடம் கேட்டேன்.

“ஆப்பரேஷன் நடக்கலைன்னு நாம சொல்லல அக்கா. அதைச் சொல்லணும்னு இல்ல, அவ்வளவுதான்.”

“ஒரு ஆளு செத்துக் குடுத்த கண்ணு, ஐயா.”

செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதைத்தான் சொல்லண்டாங்கது. செத்தவன் கண்ணு, வச்சுத் தச்ச கண்ணுன்னு சபையில பேசினா நாளைக்குப் பிள்ளையளு கேக்கும். உயிர்த்தெழும்புத நாளுல அந்த ஆளு எந்தக் கண்ணோட எழும்புவாரு? முழுசா அடக்கம் பண்ணுனாத்தானே முழுசா எழும்பது? பதில் சொல்ல நீங்க வருவியளா?”

“அதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கேன். வெள்ளிக்கிழமை நாம ஜெபிச்சோம். திங்கக்கிழமை கண்ணு வந்துச்சு. ஜெபத்துனாலதான் வந்துச்சுன்னா, அப்போ நம்ம ஜெபத்துக்கா அந்த ஆளு செத்தாரு?”

நான் கேட்டது வீம்புக்கு இல்லை. ஆட்டோவில் போன நாளிலிருந்து என்னை அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. போதகர் குடித்துக்கொண்டிருந்த சாயாவைக் கீழே வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: “அக்கா, நம்ம பிள்ளைங்க பாதிப் பேரு இப்போ வேற கூட்டத்துக்குப் போகுது. அங்க வாரா வாரம் அற்புதம். இங்க வந்தா கொட்டாவி. இந்தச் சபையில நடந்ததுன்னு காட்ட எனக்கு ஒண்ணே ஒண்ணாவது வேணும். உங்களை விட்டா எனக்கு ஆளு இல்ல.”

அவர் மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கெஞ்சினார். அது என்னைக் கலக்கிவிட்டது.

செயலாளர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். என் வீட்டுக்காரருக்குச் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை. ஊரில் யாரோடும் சண்டை வேண்டாம் என்பதே அவருடைய வேதம். “நீங்கதானே வீட்டுத் தலைவர், நீங்க சொல்லுங்க. இவியளுக்குக் கண்ணு எப்படிக் கிடைச்சுது?”

“கண்ணு தெரியாம இருந்தா, இப்போ தெரியுது. அது எனக்குத் தெரியும்,” என்றார் இவர், காலைப் பார்த்துக்கொண்டு. “எப்படின்னு எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு அம்பது வயசாச்சு. அவகிட்டயே கேளுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் சாயா டம்ளர்களை ணங்கென்று தட்டில் அடுக்கினேன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்த மனுஷன், தன் வாயால் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆனால் இதே வார்த்தைகளை வேறு எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்றும் தோன்றியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

வாசல்வரை போன செயலாளர் திரும்பி நின்றார். “மகளுக்க ரெண்டாவது ஓலை அன்னைக்குத்தானே வருது?” என்றார். “சாட்சி முடிஞ்ச பெறவுதான் நம்ம சபையில ஓலை வாசிக்கது. அறியாமே?”

அறியும். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று போதகர் சபை முன் அறிவிப்பார். மூன்றும் வாசித்து முடித்தால்தான் கல்யாணம் நடக்கும். ஒரு ஞாயிறு தவறினாலும் நாள் தள்ளிப் போகும். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாம் ஓலைக்கு மறுநாள் திங்கட்கிழமை கல்யாணம். மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அடித்து, மார்த்தாண்டத்தில் இருக்கும் சம்பந்தக்காரர்கள் பாதி ஊரை அழைத்தும் முடித்துவிட்டார்கள். ஓலை நின்றது என்றால், பெண்ணிடம் ஏதோ கோளாறு என்றுதான் அந்த ஊர் பேசும். என் வீம்புக்கு என் மகள் தலைகுனிந்து நிற்க வேண்டும்.

அந்த வாரம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பார். மகள் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், ஐடி கம்பெனியில் வேலை. தைரியசாலி. அவள் என் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை எனக்குச் சொட்டுமருந்து விட்டுக்கொண்டே சொன்னாள்: “அம்மே, ரெண்டு நிமிஷம். அந்தப் பேப்பரை வாசிச்சுட்டு இறங்கி வந்துரு. ஆர்க்கு நஷ்டம்? செத்த ஆளு வந்து கேக்கப் போறாரா?” சொல்லிவிட்டு அவளே அழுதாள். “ப்ளீஸ் அம்மே. எனக்குப் பேடியா இருக்கு.” பயமாக இருக்கிறதாம்.

சரி மக்ளே என்று சொல்லிவிட்டேன். தாளில் உள்ளதை அப்படியே வாசித்துவிடுவது என்று அன்றைக்கே முடிவும் செய்துவிட்டேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெற்ற பிள்ளை அழும்போது உண்மை எங்கோ தூரத்துச் சொந்தம் மாதிரி ஆகிவிடுகிறது.

எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால், முதலில் ஒரு வேதப்பகுதியை வாசித்துவிட்டுத்தான் பேச வேண்டும். அந்தப் பகுதியையும் செயலாளரே தேர்ந்தெடுத்திருந்தார். இயேசு பிறவிக் குருடன் ஒருவனுடைய கண்ணில் சேறு பூசி, குளத்தில் போய்க் கழுவச் சொன்ன கதை. அவன் கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்பி வருகிற இடத்தில், என் வேதாகமத்திலேயே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ‘இதுவரை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அந்தக் கதையை எங்கள் சபையில் எப்போதும் அந்த இடத்தில்தான் நிறுத்துவோம். நானே எத்தனையோ தடவை அங்கே நிறுத்தி, வேதாகமத்தை மூடி, பவ்யமாக இறங்கி வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வாசித்துப் பழகினேன். எழுத்து தெரிகிற ருசியில் கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். நிறுத்த மனம் வரவில்லை.

கோட்டுக்குக் கீழே அவனை விசாரிக்கிறார்கள். மதத் தலைவர்கள் கூப்பிட்டு, உனக்கு எப்படிக் கண் தெரிந்தது என்று கேட்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறான். அவர்களுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. மறுபடி கேட்கிறார்கள். அவனுடைய தாய் தகப்பனைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இவன் எங்கள் மகன்தான், குருடனாய்ப் பிறந்தவன்தான், எப்படிப் பார்வை வந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அவனுக்கு வயதாகிவிட்டது, அவனையே கேளுங்கள் என்கிறார்கள் அவர்கள். உண்மையைச் சொன்னால் ஜெப ஆலயத்திலிருந்து தள்ளிவிடுவார்கள் என்ற பயம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் வேதம் வாசிக்காமலேயே அதை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். பிறகு சிரிப்பு நின்றது. அவனிடம் நடந்த அற்புதத்தை மறைக்கச் சொன்னார்கள், என்னிடம் நடக்காத அற்புதத்தை நடந்ததாகச் சொல்லச் சொல்கிறார்கள். திசைதான் வேறு. அவன் கையை முறுக்கியவர்களும் கடவுளை மகிமைப்படுத்து என்று சொல்லித்தான் முறுக்கினார்கள். அவனோ பிச்சைக்காரன், ஒரு எழுத்துப் படித்தவன் இல்லை. எனக்குக் கண் கொடுத்த அந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, நான் குருடனாக இருந்தேன், இப்போது காண்கிறேன், அது ஒன்று தெரியும் என்று சொல்லிவிட்டான்.

சாயங்காலம் மகளிடம் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்திருந்தது. கன்வென்ஷனுக்கு வந்தவர்கள் பக்கவாட்டு வராந்தாவிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் இரண்டாவது பெஞ்சில் வெள்ளைச் சுரிதாரில் இருந்தாள். ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தார். செயலாளர் முன்பெஞ்சில், ஓலை எழுதிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேலே போனேன். வேதாகமத்துக்குள் அவர் எழுதிய தாள் இருந்தது.

வாசிக்க ஆரம்பித்தேன். சேறு, குளம், கழுவினான், பார்வையோடு வந்தான். “ஸ்தோத்திரம்” என்று நாலா பக்கமும் குரல் எழுந்தது. போதகர் கண்ணை மூடித் தலையசைத்தார். பென்சில் கோடு வந்துவிட்டது. நான் நிமிர்ந்து பார்த்தேன். அப்படி நிமிர்ந்து பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அத்தனை முகங்களும் தெரிந்தன. கடைசி பெஞ்சில் அந்த ஜவுளிக்கடைப் பெண்ணின் முகம்கூடத் தெரிந்தது, அடக்கத்தன்று எனக்குத் தெரியாமல் போன முகம். இத்தனையையும் ஒரு ஆளின் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே, அப்படி ஒரு ஆளே இல்லை என்று சொல்லப்போகிறேன். குனிந்து கோட்டுக்குக் கீழே இருந்த வரியை வாசித்தேன்.

முதலில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இன்னும் ஒரு வசனம் சேர்த்து வாசிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். தலைவர்கள் அவனை இரண்டாம் தடவை கேட்கிற இடத்தில் போதகர் கண்ணைத் திறந்தார். தாய் தகப்பன் வருகிற இடத்தில் ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரரின் தலை முழங்கால் வரைக்கும் போய்விட்டது. செயலாளர் திரும்பி, மைக் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு விரலை அசைத்தார். பட்டென்று ஒரு சத்தம், என் குரல் சின்னதாகிவிட்டது.

அங்கேதான் அவர் என்னைத் தப்பாக எடைபோட்டார். மைக் இல்லாத காலத்திலேயே கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி வாசித்தவள் நான். வயிற்றிலிருந்து குரலை எடுத்தேன். அவனை அவர்கள் வெளியே தள்ளுகிற இடம் வரைக்கும் வாசித்து முடித்து, வேதாகமத்தை மூடினேன். தாள் உள்ளேயே இருந்தது.

“என் கண்ணுக்காக நீங்க எல்லாரும் ஜெபிச்சீங்க, நன்றி,” என்றேன். “அந்த ஜெபத்துனால கண்ணு கிடைச்சுதான்னு எனக்குத் தெரியாது. நான் கடவுள்கிட்ட கேட்டுட்டுதான் இருக்கேன். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஒரு ஆளு இறந்து போனாங்க. வீட்டுல எல்லாரும் அழுதுட்டு இருக்கும்போது, ஆரோ ஒருத்தர் எழும்பிப் போய் ஒரு பேப்பர்ல ஒப்பு போட்டாங்க. அந்தக் கண்ணை ஒரு டாக்டர் எனக்கு வச்சுத் தச்சாரு. நான் காணாம இருந்தேன், இப்போ காணுதேன். அந்த வீட்டுக்காரங்க ஆருன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்காக நான் கடவுளுக்கு ஸ்தோத்திரம் சொல்லுதேன்.”

ஆமென் சொல்ல ஒரு ஆளில்லை. இறங்கி வந்து உட்கார்ந்தேன். மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செயலாளர் எழுந்து, ஓலை நோட்டைப் போதகர் கையில் கொடுத்து, அவர் காதில் ஏதோ சொன்னார். போதகர் முதல் ஜோடியின் ஓலையை வாசித்தார். ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் இருப்பது என் மகள். அவர் வாசிக்கவில்லை. நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவர் பெருவிரல் அந்தத் தாளின் ஓரத்தை மடக்குவதும் நிமிர்த்துவதும் எனக்குத் தெரிந்தது. இத்தனை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டாம் என்று நினைத்தேன். கடவுளே, தண்டிக்கிறதாக இருந்தால் என்னைத் தண்டியும், அவளை விட்டுவிடும் என்று வேண்டினேன். அவ்வளவு அவசரமாக நான் கண்ணுக்காகக்கூட வேண்டியதில்லை.

அவர் என் மகளின் பெயரை வாசித்தார். மாப்பிள்ளையின் பெயரை, ஊரை, தகப்பன் பெயரை வாசித்தார். ஆட்சேபனை உள்ளவர்கள் இப்போதே சொல்லலாம் என்றார். வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றார், செயலாளரைப் பார்த்தபடி. எங்கேயோ ஒரு பெஞ்ச் முனகியது. யாரும் எழுந்திருக்கவில்லை. போதகர் நோட்டை மூடினார். ஏன் வாசித்தார் என்று இன்றுவரை நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

வீடுவரை மகள் எனக்கு முன்னால் நடந்தாள். உள்ளே வந்து பையைக் கூடக் கீழே வைக்காமல் சொட்டுமருந்தை எடுத்தாள். விட்டபோது இரண்டு சொட்டு கன்னத்தில் விழுந்தது. “என்னைக் கொன்னுட்டியே அம்மே,” என்றாள். துடைத்துவிட்டு, “மைக் போன பெறவுதான் நல்லாக் கேட்டுது,” என்றும் சொன்னாள். என் வீட்டுக்காரர் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது.

எனக்குக் கிடைக்க வேண்டியது அடுத்த வாரம் கிடைத்தது. வெஸ்ட்ரிக் கதவில் புதுப் பட்டியல் ஒட்டியிருந்தது. கண் சரியானதும் மறுபடி சேர்த்திருந்த என் பெயரின்மேல் மையால் ஒரு கோடு. செயலாளர் பக்கத்தில் நின்று கொண்டிருந்தார். “கண்ணுக்கு ரெஸ்ட் வேண்டாமா, சிஸ்டர்? இனி சிறுசுக வாசிக்கட்டும்,” என்றார் சிரித்துக்கொண்டே. சுடச்சுடப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அன்றைக்கு மூன்றாவது ஓலை. பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தக் கண் வேண்டும் என்று நான் அழுததே அங்கே நின்று வாசிக்கத்தான். அது தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்திருக்கிறார். ஒரு பையன் பாடம் வாசித்தான், பாதி வசனத்தை விழுங்கினான். நான் குனிந்து அழுதேன்.

மூன்றாவது ஓலையும் வாசித்தாயிற்று. ஆராதனை முடிந்து எல்லாரும் சாயா குடிக்க முற்றத்துக்குப் போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்ததால் மகளைச் சுற்றி ஒரே கூட்டம். நான் எழுந்திருக்காமல் இருந்தேன். யாரோ பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த ஜவுளிக்கடைப் பெண்.

“அக்கா, அன்னைக்குப் பாதியில மைக்கு போச்சுல்லா. மிச்சம் எனக்குச் சரியாக் கேக்கல. ஒண்ணு வாசிச்சுத் தாரியளா?”

கடைசி பெஞ்சுக்குக் கேட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்காகவே வாசித்த மாதிரிதான் வாசித்தேன். இருந்தாலும் வேதாகமத்தைத் திறந்து, பென்சில் கோட்டிலிருந்து மெதுவாக வாசித்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் பீடத்தைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுக்காரருக்க கண்ணை நாங்க குடுத்தோம் அக்கா,” என்றாள். “ஆஸ்பத்திரியில வச்சு கேட்டாவ. நான்தான் ஒப்பு போட்டேன். இங்க ஆர்ட்டயும் சொல்லல. முழுசா அடக்கம் பண்ணலன்னு தெரிஞ்சா சும்மா விடுவாவளா? அவரு எழும்பும்போது காண முடியாம நிப்பாரோன்னு எனக்கே பேடி. நீங்க ஸ்தோத்திரம் சொன்ன அன்னைக்குத்தான் நான் வீட்டுல போயி அழுதேன்.”

அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் சொல்ல வந்தது இதுதான் போலிருக்கிறது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வலது கண்ணை மட்டும், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி, வெகுநேரம் பார்த்தாள். நான் கண்ணை மூடாமல் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். எந்த மாதம், எந்த வாரம் என்று நான் நாள் எண்ணிப் பார்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“காலையில பேப்பர் வாசிக்காம அவருக்குக் காப்பி இறங்காது,” என்றாள். “இன்னும் கொஞ்சம் வாசிங்க அக்கா.”

வாசித்தேன்.